முத்துப் பார்களின் ஓய்வும் விளைவும்

மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் விளைந்த ஆண்டுகளையே எண்ணிச் சென்றனர். எந்த ஆண்டில் எத்தனை தோணிகள் கடலிற் சென்றன, எத்தனை இலட்சம் சிப்பி கரையேறிற்று, அரசுக்கு எவ்வளவு வருவாய் கிடைத்தது என்பனவே அவர்தம் நூல்களை நிரப்புகின்றன. ஆயின், குளிப்பு நிகழ்ந்த ஆண்டுகளைக் காட்டினும் நிகழாத ஆண்டுகளே தொகையால் மிக்கன. அவ்விடைவெளிகள் ஏன் நேர்ந்தன, அவற்றால் விளைந்தது யாது, விளைந்த பொருள் யார் கையிற் சென்று தங்கிற்று என்னும் வினாக்கள் போதிய அளவு ஆராயப்படவில்லை. இவற்றையே யாம் இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கின்றோம்.

முதற்கண் சொல் ஒன்றை நோக்குதல் நன்று. இன்று 'குளித்தல்' என்பது நீராடுதலைக் குறிக்கும். பழைய வழக்கில் அஃது உள்ளே மூழ்கிச் செல்லுதலைக் குறித்தது. அம்பு உடலிற் குளித்தது என்று கூறுதல் இதனாற் பொருந்துவதாயிற்று. முத்துக்குளித்தல், சங்குகுளித்தல் என்னும் தொடர்களில் அப்பழம்பொருள் இன்றும் உயிரோடு நிற்கின்றது. கன்னியாகுமரி தொடங்கி இராமேசுவரம் வரையுள்ள கரைக்கு 'முத்துக்குளித்துறை' என்னும் பெயர் வழங்கிற்று. போர்ச்சுகீசியரும் அக்கரையை மீன்பிடிப்புக் கரை என்னும் பொருள்படத் தம் மொழியிற் பெயரிட்டு அழைத்தனர். கடலடியிற் சிப்பி பற்றிநிற்கும் பாறைத்திட்டிற்குப் 'பார்' என்பது கரைவழக்கு. தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள தொலாயிரம் பார் இவற்றுட் புகழ்மிக்கது.

கொற்கை முத்தினை மதுரைக்காஞ்சியும் அகநானூறும் பேசுதல் யாவரும் அறிந்ததே. அகநானூற்றின் 296ஆம் பாட்டில், மீன்பிடிப்பார் தாம் அள்ளிவந்த சிப்பியைக் கள்ளுக்கு மாற்றாகக் கொடுக்கும் காட்சி வருகின்றது. இதனைக் கொற்கையின் செல்வச் செழிப்புக்குச் சான்றாகவே உரைகாண்போர் கொள்வர். முத்துச்சிப்பியையே கள்ளுக்குக் கொடுக்குமளவு அங்கே முத்து மலிந்திருந்தது என்பது அவர் கருத்து. யாம் அதனை மறுக்கவில்லை. எனினும் அதனுள் மற்றொரு செய்தியும் உளது. மாற்றப்பட்டது முத்தன்று, பிளவாத சிப்பி. அதனுள் முத்து இருத்தலும் கூடும், இல்லாமையும் கூடும். அந்த ஐயப்பாட்டைக் கடலில் இறங்கியவன் தன் கையில் வைத்துக்கொள்ளாமல் கரையிலேயே விற்றுவிடுகின்றான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைக் கரையில் முத்துக்குளிப்பைக் கண்டெழுதியோர், குளித்தோர் தம் பங்குச் சிப்பியைப் பிளவாமலேயே வழியில் நிற்பார்க்குச் சிற்சிலவாக விற்றுச் சென்றதைக் குறித்துள்ளனர். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு இடைவெளியில் ஒரே வழக்கம் காணப்படுதல் தற்செயல் ஆகாது. அன்றாடப் பசியுடையவன் காத்திருக்க இயலாது. காத்திருக்க இயன்றவனுக்கே முத்தின் விலை கிட்டும்.

கிரேக்க மொழியில் எழுந்த 'செங்கடற் பயணநூல்' கி.பி. முதல் நூற்றாண்டினதாகக் கொள்ளப்படுவது. பாண்டியர்க்குரிய கொற்கையில் முத்துக்குளிப்போர் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்று அது கூறுகின்றது. இதனைச் சங்கச் செய்யுள்களோடு எவ்வாறு பொருத்துவது? செய்யுள்கள் பரதவரையே காட்டுகின்றன. அந்நூலாசிரியர் மேலைக்கடற்கரைத் துறைகளை நேரிற் கண்டவர் என்றும், குமரிக்கு அப்பாலுள்ளவற்றைப் பெரிதும் கேட்டறிந்தே எழுதினார் என்றும் ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். ஆகலின் கேள்விச் செய்தியைக் கொண்டு கொற்கைத் தொழிலே சிறைத்தொழில் என்று முடிவுகட்டுதல் பொருந்தாது. அரசனுக்குரிய குளிப்பில் ஒரு பகுதி அவ்வாறு நடந்திருக்கலாம் என்பதற்குமேல் யாம் செல்லத் துணியோம்.

பங்கீட்டைப் பற்றிய தெளிவான செய்தி பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடலைக் கண்ட மார்க்கோ போலோவின் குறிப்பிற் கிடைக்கின்றது. வணிகர் தம் செலவில் தோணிகளையும் ஆட்களையும் அமர்த்துவர். எடுத்ததிற் பத்திலொரு பங்கு அரசனுக்கு. கொடிய மீன்கள் குளிப்போரைத் தாக்காதவாறு மந்திரத்தாற் கட்டுவோர்க்கு இருபதிலொரு பங்கு. இம்மந்திரக்காரர் அந்தணர் என்று அவர் எழுதினார். பிற்காலத்தே 'கடற்கட்டி' எனப்பட்டவரும் இவ்வகையினரே. 1859இல் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்ட எமர்சன் டென்னன்ட், தம் காலத்துக் கடற்கட்டி ஒருவர் கத்தோலிக்கர் என்பதை வியப்போடு குறிக்கின்றார். சமயம் மாறியும் பங்கு மாறவில்லை! குளிப்போர் அச்சமின்றி இறங்குதற்கு அவர் இன்றியமையாதவர் என்பதனால் ஆங்கில அரசும் அவர்க்கு ஊதியம் கொடுத்து வந்தது.

1535 முதல் 1537 வரையில் பரதவர் கத்தோலிக்கம் தழுவியமையும், 1658இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றியமையும் பலரால் விரித்தெழுதப்பட்டன. அவற்றை ஈண்டு மீண்டும் கூறவேண்டுவதில்லை. ஒன்று மட்டும் கருதத்தக்கது. கடலாட்சி யாரிடம் சென்றாலும், மதுரை நாயக்கர்க்கும், இராமநாதபுரம் சேதுபதிக்கும், பரதவரின் சாதித்தலைவர்க்கும் குளிப்பில் உரிமைப்பங்கு இருந்தது. இன்னார்க்கு இத்தனை தோணி, அல்லது இத்தனை கல், தீர்வையின்றி என்று அவ்வுரிமை அளக்கப்பட்டது. ஒரு பார் பலர்க்கு உரியதாயிருந்தமையால், ஒருவர் நினைத்தவாறு அதனைத் திறத்தல் அரிதாயிற்று. வழக்கும் பிணக்குமே பலகாற் பாரினைக் காத்தன எனலாம்.

இதற்கு இலங்கைப் பக்கத்துச் சான்று உண்டு. ஒல்லாந்தர் ஆட்சியில் 1732 முதல் 1746 வரையும், பின்னர் 1768 முதல் 1796 வரையும் அங்கே குளிப்பு நிகழவில்லை. பின்னைய இடைவெளிக்கு ஆற்காட்டு நவாபோடு நேர்ந்த உரிமைப் பிணக்கு ஒரு காரணமாகச் சொல்லப்படும். 1796இல் இலங்கைக் கரை ஆங்கிலேயர் வயப்பட்டது. உடனே அவ்வாண்டிலும், 1797, 1798ஆம் ஆண்டுகளிலும் இடைவிடாது குளிப்பு நடத்தப்பட்டுப் பெரும்பொருள் ஈட்டப்பட்டது. அதன்பின் பார்கள் வறண்டன.

இந்நிகழ்ச்சியை விளக்குவோர், இருபத்தேழு ஆண்டு சேர்ந்த செல்வத்தை மூன்றாண்டில் வாரிவிட்டனர் என்பர். கேட்பதற்கு இனிய விளக்கம். யாமும் முன்னர் அவ்வாறே கருதியிருந்தோம். ஆயின் சிப்பியின் வாழ்நாளை நோக்கின் இது நில்லாது. மன்னார்க் கடலின் முத்துச்சிப்பி நான்கு, ஐந்தாண்டுகளிற் குளிப்புக்குரிய முதிர்ச்சி அடையும். ஆறு, ஏழாண்டுகளில் இறந்துபடும். இறந்தால் ஓடு திறந்து முத்து மணலிற் போகும். ஆகவே 1796இல் எடுக்கப்பட்ட சிப்பி யாவும் 1790ஐ ஒட்டிய ஆண்டுகளிற் பிறந்தனவே. 1770இற் பிறந்த சிப்பி ஒன்றேனும் அங்கே காத்திருந்திராது. கடலடி களஞ்சியமன்று, நெல்லைப்போல் முத்தைச் சேர்த்துவைக்க இயலாது. நீண்ட ஓய்வினாற் கிடைத்தது சேமித்த பொருளன்று, இனம் பெருக்கும் தாய்ச்சிப்பிக் கூட்டமே. மூன்றாண்டுக் குளிப்பில் அழிந்ததும் அதுவே. இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றினும், பின்வந்த அரசுகளின் கொள்கையைத் தீர்மானித்தது இதனை அறிந்தமையும் அறியாமையுமேயாம்.

மேலும், ஓய்வு கொடுத்தாற் பார் தவறாது விளையும் என்பதும் உண்மையன்று. இலங்கையில் 1837க்குப் பின் ஏறத்தாழப் பதினேழாண்டுகள் குளிப்பில்லை. 1892 முதல் 1902 வரையும் இல்லை. அவ்வாண்டுகளிற் பாரினை எவரும் தொட்டிலர். தொட்டிலராகவும் அது விளைந்திலது. திருக்கையும் கிளாத்தியும் இளஞ்சிப்பியைத் தின்னும். நீரோட்டம் மணலைக் கொணர்ந்து பாறையை மூடும். மிதக்கும் குஞ்சுகள் பற்றுதற்கு இடமின்றி ஆழ்கடலுக்கு அடித்துச்செல்லப்படும். எனவே, பார் வறண்ட இடமெல்லாம் மனிதனின் பேராசையே என்று பழிகூறுதல் வரலாற்றுநெறி ஆகாது. அதற்காகப் பேராசை இல்லை என்பதும் நெறியன்று. காலத்தே எடாவிடின் சிப்பி மூப்பால் மடியும், காலமல்லாத காலத்து எடுப்பின் முத்துச் சிறுத்து இனமும் குன்றும். ஓராண்டு, ஈராண்டு அளவே உள்ள அவ்விடைக்காலத்தை அறிதலே தொழிலின் நுட்பமாயிருந்தது.

அந்நுட்பம் கரையில் எவ்வாறு போற்றப்பட்டது என்பது வியக்கத்தக்கது. பார்களை ஆண்டுதோறும் ஆராய்ந்து, மாதிரிக்கென ஒருதொகைச் சிப்பியை எடுத்து, அதனிற் கிடைத்த முத்தை மதிப்பிடுவோரிடம் கொடுத்து, ஆயிரம் சிப்பிக்கு இன்ன விலை என்று கண்டபின்னரே குளிப்பு அறிவிக்கப்படும். மதிப்பு குறைவாயின் அடுத்த ஆண்டிற்கு ஒத்திவைப்பர். முத்தினைச் சலிக்கும் பெட்டிகள் பத்து. முதற்பெட்டியில் இருபது துளை, இறுதிப்பெட்டியில் ஆயிரம் துளை. அளவால் இவ்வாறு பிரித்தபின் வடிவாலும் ஒளியாலும் ஆணி, கலிப்பு, குறுவல், பீசல், தூள் என்றாற்போல வகுப்பர். 'ஆணிமுத்து' என்று நாம் இன்றும் வழங்குவது இம்மேல்வகுப்பையே. தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுகளில் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், கறடு, சப்பத்தி என்று முத்துவகைகள் நிறையோடு பொறிக்கப்பட்டுள்ளன. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இத்துணை நுண்ணிய பாகுபாடு இருந்தமை, அதற்கு முன்பே தேர்ந்த மதிப்பிடுமரபு ஒன்று நிலைபெற்றிருந்ததைக் காட்டும்.

மேல்வகுப்பு முத்தினைச் 'செவ்வு' என்னும் கணக்கால் விலையிடுவர். அக்கணக்கில் நிறையை நிறையாற் பெருக்குதல் அடிப்படை. ஒரு முத்து மற்றொன்றினும் இருமடங்கு நிறையுடையதாயின் அதன் விலை இருமடங்கன்று, நான்மடங்கு. இக்கணக்கின் பயன் வணிகரின் பேரத்தோடு நின்றுவிடவில்லை என்று யாம் கருதுகின்றோம். முத்துச் சிறிது பெருத்தாலும் விலை மிகப் பெருகும் என்பது கணக்கிலேயே இருந்தமையால், இளஞ்சிப்பியை எடாது ஓராண்டு பொறுத்தல் ஊதியமாயிற்று. கடலைக் காக்கவேண்டும் என்று எவரும் எண்ணியிராவிடினும், விலைமுறை அவர்களைப் பொறுக்கச் செய்தது. அப்பொறுமை பாரிலுள்ள சிப்பி ஒருமுறையேனும் இனம் பெருக்குதற்கு இடந்தந்தது.

எனினும் இவ்வூதியம் குளித்தவனை அடைந்ததா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியில் இலங்கையில் நிலவிய முறை இது. தோணி கரைசேர்ந்ததும் சிப்பி முழுவதும் 'கொட்டு' என்னும் அடைப்பினுட் கொண்டுவரப்பட்டு மூன்று குவியலாக்கப்படும். இரண்டு அரசுக்கு, ஒன்று குளித்தோர்க்கும் கயிறு பிடித்தோர்க்கும் தோணியுடையார்க்கும். அரசின் பங்கு அன்று மாலையே ஆயிரம் ஆயிரமாக ஏலமிடப்படும். வாங்கிய வணிகர் சிப்பியை ஒருவாரத்துக்கு மேல் அழுகவிட்டுக் கழுவி முத்தெடுப்பர். அழுகும் நாற்றத்தைப் பொறுத்திருத்தலும் ஒரு முதலீடுதான். குளித்தவன் தன் மூன்றிலொரு பங்கினுள்ளும் சிறுபகுதியே பெற்று, அதனையும் முன்னே கூறியவாறு பிளவாமல் விற்றுச்சென்றான். மூச்சடக்கி ஒரு நிமிடத்துக்கு மேல் நீரடியில் நின்றவனுக்கு முத்தின் உருவமே தெரியாது போதல் அரிதன்று.

1905ஆம் ஆண்டுக் குளிப்பு இலங்கை வரலாற்றிற் பெரியது. எட்டுக் கோடியளவிற் சிப்பி எடுக்கப்பட்டது. அரசு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய் பெற்றது. அவ்வெற்றியின் வேகத்தில், 1906இல் முத்துப்பார்கள் இருபதாண்டுக்கு இலண்டன் நிறுவனம் ஒன்றிற்கு ஆண்டுக் குத்தகை 3,10,000 ரூபாயாக விடப்பட்டன. இதற்கு முன் பேராசிரியர் ஹெர்ட்மன் 1902இல் வந்து, ஜேம்ஸ் ஹார்னலின் துணையோடு பார்களை ஆராய்ந்து ஐந்து பெருந்தொகுதிகளில் அறிக்கை வெளியிட்டிருந்தார். பெரிய பார் என்னும் திட்டில் இளஞ்சிப்பி ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் தோன்றியும் தென்மேற்குப் பருவக்காற்றின் அலையால் அழிந்துபோவதை அவர் கண்டார். அவற்றை அள்ளிக் காப்பான பார்களில் நடுதல் வேண்டும் என்றார். அறிவுரை நன்று. ஆனால் 1907க்குப் பின் சிப்பி விளையவில்லை; குத்தகை காலம் முடியுமுன்னரே நிறுவனம் கலைந்தது. இயற்கையின் பொய்த்தலா, ஐந்தாண்டு தொடர்ந்து குளித்தமையா என்பதைப் பிரித்துக் காட்டுதல் எளிதன்று. ஆயின் ஓராண்டின் உச்சவிளைவைக் கொண்டு இருபதாண்டின் வருவாயை மதித்தமை கணக்குப் பிழையே. மாதிரி எடுத்து ஆண்டுதோறும் மதித்த பழைய வழக்கத்திற்கு அது நேர்மாறு.

சங்கினைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். முத்தும் சங்கும் ஒரே கடலில், ஒரே மக்களால் எடுக்கப்பட்டன. குறித்த விட்டமுள்ள வளையத்தில் நுழைந்துவிடும் சிறுசங்கினை உயிரோடு கடலில் விட்டுவிடல் வேண்டும் என்னும் விதி தூத்துக்குடியில் ஒழுங்காகக் கைக்கொள்ளப்பட்டது. ஹார்னல் 1914இல் சங்கினைப் பற்றி வெளியிட்ட நூலில், கொற்கை, காயல் ஆகிய பழந்துறைகளில் வாளால் அறுக்கப்பட்ட சங்குத் துண்டுகளைக் கண்டதாக எழுதுகின்றார். வளை அறுக்கும் தொழில் அங்கேயே நடந்தது என்பதற்கு இவை சான்று. வளை அறுப்பாரைக் கூறும் சங்கச் செய்யுள்கள் இதனோடு ஒக்கும். பின்னர் அத்தொழில் இக்கரையினின்று நீங்கிற்று. சங்கு அறுபடாமல் மூட்டைகளாக வங்காளத்துக்குச் சென்றது, டாக்காவில் வளையாயிற்று. கடல் மாறவில்லை, சங்கும் மாறவில்லை. வாள் மட்டும் இடம் மாறியது. அதனோடு கூலியும் கைத்திறனும் ஊதியமும் பெயர்ந்தன. அகப்பாட்டின் பிளவாத சிப்பிக்கும் வங்கம் சென்ற அறுபடாத சங்குக்கும் உள்ள ஒப்புமை எம் கருத்தை மீண்டும் மீண்டும் ஈர்க்கின்றது.

தமிழ்நாட்டுப் பக்கத்தில் 1926, 1927, 1928ஆம் ஆண்டுகளிற் குளிப்பு நடந்தது. அதன்பின் நீண்டதோர் இடைவெளி. 1955இல் தூத்துக்குடியில் மீண்டும் தொடங்கிய குளிப்பு 1961 வரை ஆண்டுதோறும் நிகழ்ந்தது, அதுவே இறுதி. இதற்கிடையே சப்பானியரின் வளர்ப்புமுத்து உலகச் சந்தையை நிரப்பியிருந்தமையால் இயற்கைமுத்தின் பழைய மதிப்பும் சரிந்துவிட்டிருந்தது. 1973இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியருகே வேப்பலோடையில் நம் கடற்சிப்பியினுள் உருண்டை முத்தினை விளைவித்தனர். 1981இல் சிப்பிக்குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உண்டாக்கும் முறையும் கைவந்தது. அக்குஞ்சுகளைப் பார்களில் விடும் முயற்சியும் பின்னர் மேற்கொள்ளப்பட்டது. 1986இல் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளும் சூழ்கடலும் தேசியப் பூங்காவாயின. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளைப் பல்லாண்டு வெட்டியெடுத்தபின் இக்காப்பு வந்தது. அத்தீவுகளுள் இரண்டு இன்று நீருள் ஆழ்ந்துள்ளன.

சங்குகுளிப்போர் தூத்துக்குடியில் இன்றும் உளர். முத்துக்குளித்தோர் அருகிவிட்டனர். 1961இல் இருபது வயதினராயிருந்தோர் இன்று எண்பதைக் கடந்தவர். பார்களின் பெயர்களும், நீரோட்டத்திற்கும் கடலடி மணலுக்கும் அவர் வழங்கிய சொற்களும் நம் அகராதிகளிற் பெரும்பாலும் இடம்பெறவில்லை. சென்னை அரசின் மீன்துறை அறிக்கைகளில் அவற்றுட் சில ஆங்கில எழுத்தில் உருத்திரிந்து கிடக்கின்றன. அவற்றின் தமிழ் வடிவை உறுதிசெய்தற்கு அம்முதியோரையன்றி வேறு சான்று இல்லை.